வானில் வந்த பெடியள்

அன்றைக்குத் தொலைபேசியில் மாமா அம்மாவிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை உலுக்குவது அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், செவன் கிங்ஸில், அண்ணையின் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அண்ணை பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். நான் பொலிரெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா, அம்மாவின் தமையன், அறுபதுகளிலேயே கணக்கியல் படிக்க வந்து, படித்து, வேலை பார்த்து, ஒருமுறைகூட யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் ஓய்வும் பெற்றுவிட்டவர். அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், விசாவுக்காகக் காத்திருந்தார். நேர்முகம் ஒரு வியாழக்கிழமைக்கு வந்திருந்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் வீடு இடிந்துவிட்டது, அப்பாவும் இல்லை. அம்மாவுக்குப் போக வேறு இடமே இல்லாதபடியால் எங்கள் வீட்டில் அந்த வியாழக்கிழமையைத் தவிர வேறு பேச்சும் இல்லை.

என்னிடம் மட்டும் இன்னொரு பேச்சு இருந்தது. எனக்குக் கண்ட்ரி இசைப் பைத்தியம் பிடித்திருந்தது.

இல்ஃபோர்ட் சந்தையில் பழைய கசற்றுகளைக் கிளறியபோது ஒன்று கையில் அகப்பட்டது. அட்டையில் தாடிக்காரர் ஒருவர், விசா மறுக்கப்பட்டவரின் முகத்தோடு நின்றார். அந்த முகத்துக்காகத்தான் வாங்கினேன். வீட்டில் போட்டுக் கேட்டதும் திகைத்துப்போனேன். இப்படியும் பாடுவார்களா? தொண்டையைச் செருமாமல், குரலுக்குப் பவுடர் பூசாமல், பக்கத்துக் கதிரையில் இருந்து கடன்காரனைப் பற்றிக் கதைப்பதுபோல! நூலகத்தில் தேடிப் படித்தேன். இதற்கு அவுட்லோ கண்ட்ரி என்று பெயர்; சட்டத்துக்குப் புறம்பானவர்களின் பாட்டு. எழுபதுகளில் அமெரிக்காவில் சில பாடகர்கள், இசைத்தட்டுக் கொம்பனி சொன்னபடி பாடமாட்டோம், தலைமயிரை வெட்டமாட்டோம், பாட்டுக்குமேல் சீனிப்பாணி ஊற்றமாட்டோம் என்று முரண்டுபிடித்துத் தங்கள் சொந்தக் குழுக்களோடு பாடினார்கள். அவர்கள் செய்த பெரிய குற்றம் அவ்வளவுதான். பாட்டுகளில் மட்டும் சிறை, விஸ்கி, சரக்கு ரயில், விட்டுப்போன மனைவி எல்லாம் வரும்.

ரூட்டிங்கில் ஒரு வாத்தியக் கடைக் கண்ணாடியில் கையெழுத்து விளம்பரம் ஒட்டியிருந்தது: பிடில்காரர் தேவை, சிரித்த முகங்கள் வேண்டாம். ஊரில் வயலின் படித்திருந்த எனக்கு இதற்குமேல் என்ன அழைப்பு வேண்டும்? அடுத்த ஞாயிறே கோலியர்ஸ் வுட்டில் ஒரு பப்பின் பின்னறையில் போய் நின்றேன்.

மூன்று வெள்ளைக்காரர் இருந்தார்கள். பாடகர் தபால்காரர், ஐம்பது தாண்டியவர், கறுப்புத் தொப்பி, தோல் வெயிஸ்ட்கோட், நரைத்த பின்னல். பேஸ் கிட்டார் வாசிப்பவர் பள்ளிக்கூடம் ஒன்றில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் காது மந்தம். டிரம்ஸ்காரர் குழாய் வேலை செய்பவர். அவர்தான் இளையவர், நாற்பது இருக்கும். பிறந்ததிலிருந்து தேம்ஸ் நதிக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள் மூவரும் டெக்சாஸ் புழுதியில் உருண்டு எழுந்தவர்கள்போல நின்றார்கள். நான் வயலினை எடுத்தேன், சுற்றிப் பார்த்தேன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு பியர் மணக்கும் கம்பளத்தில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினேன். எனக்கு ஊரில் படிப்பித்தது அப்படித்தான்.

"மயங்கி விழுந்திட்டாளா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"பேசாம இரு," என்றார் பாடகர்.

வாசித்தேன். கசற்றில் கேட்டது எல்லாம் விரலில் இருந்தது. முடித்து நிமிர்ந்தால் மூவரும் தங்கள் விளம்பரத்தையே மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மேடையில் எனக்கென்று ஒரு பலகையும் அதன்மேல் ஒரு மெத்தையும் போட்டார்கள். முழங்கால்வரை சப்பாத்தும் கறுப்புத் தொப்பியும் கொடுத்தார்கள். சப்பாத்தோடு சம்மணம் கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பாடகருக்கு ஒரு சட்டம் இருந்தது. சட்டத்துக்குப் புறம்பானவர்களின் பாட்டுக்குச் சட்டம்! பாட்டு இசைத்தட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரவேண்டும். லண்டனில் இதை வாசிக்க வேறு நாதியில்லை, நாங்கள் விட்டால் போச்சு என்பார். ஒரு பாட்டில், இரண்டாவது சரணத்துக்கு முன், ஒலிப்பதிவு அறையில் யாரோ இருமியிருந்தார். எங்கள் பேஸ்காரர் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில், அதே அளவுக்கு இருமினார். காசநோய்க்காரர் என்று நினைத்து ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததை நான் கண்டேன்.

வயதை மறந்து பாடகர் தன் குழுவை 'த பாய்ஸ்' என்றுதான் சொல்லுவார். ஞாயிறு காலையில் அவர்களுடைய பழைய வான் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து ஹோர்ன் அடிக்கும். மாமா திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு அதையே தமிழில் கத்துவார்:

"பிள்ளை! உன்ர பெடியள் வந்து நிக்கிறாங்கள்!"

"மாமா, மெதுவாச் சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுத் தமிழ் மனிசி கேட்டாப் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பா," என்பார் அண்ணை. நானும் அண்ணையும் சிரிப்போம். ஏன் சிரிக்கிறோம் என்று மாமாவுக்குத் தெரியாது. அவர் ஊரைவிட்டு வந்த காலத்தில் பெடியள் என்றால் வாலிபப் பிள்ளைகள், வேலியில் ஏறி மாங்காய் பிடுங்குபவர்கள். அதன்பிறகு அந்தச் சொல் துவக்குத் தூக்கிவிட்டது. எங்களுக்குப் பெடியள் என்றால் துப்பாக்கி ஏந்திய இயக்கம். வேறு பொருள் கிடையாது. அதுபோலத்தான் 'சாமான்' என்பதும். மாமாவுக்கு உப்புப் போத்தலும் சாமான், என் வயலினும் சாமான். ஊரில் தோளில் கொழுவுகிற சாமான் ஒன்றே ஒன்றுதான், துவக்கு.

நேர்முகத்துக்கு முந்திய ஞாயிறு, வழக்கமாகப் பின்னேரம் தொலைபேசி எடுக்கும் அம்மா, நான் வெளிக்கிட்டுப் போன கையோடு எடுத்திருக்கிறார். கோலியர்ஸ் வுட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது மாமா சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணை அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்மா எடுத்தவ. உன்னைக் கேட்டவ," என்றார் மாமா.

"என்ன சொன்னியள்?"

"உள்ளதைச் சொன்னன். அவள் பெடியளோட போட்டாள் எண்டு."

அண்ணையின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. "அம்மா என்ன சொன்னவ?"

"எந்தப் பெடியள் எண்டா. எங்கட பெடியள்தான், வேற ஆர், வானில வந்து ஏத்திக்கொண்டு போட்டாங்கள் எண்டன். விரும்பியோ போனவள் எண்டு கேட்டா. இதென்ன கேள்வி! துள்ளிக்கொண்டெல்லோ ஓடினவள், சப்பாத்தும் தொப்பியும் போட்டு, சாமானைத் தோளில கொழுவிக்கொண்டு, பாக்க வடிவாத்தான் இருந்தது எண்டன்."

அந்தச் சப்பாத்தும் தொப்பியும் இன்னும் என்மேல்தான் இருந்தன.

"பிறகு?"

"அண்ணை, நீங்கள் மறிக்கேல்லையோ எண்டு கேட்டா. நான் ஏன் மறிக்கிறன்? அவையளுக்கு ஆள் காணாதாம், இவள் போகாட்டி எல்லாம் அழிஞ்சுபோமாம், இளம் பிள்ளை, போகட்டும் எண்டன். அதுக்குப் பிறகு சத்தத்தைக் காணேல்லை. லைன் கட்டாயிட்டுதாக்கும்."

"மாமா," அண்ணையின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, "அங்க பெடியள் எண்டா ஆர் தெரியுமோ?"

"பெடியள் எண்டாப் பெடியள்தான்."

"இயக்கம், மாமா! இயக்கம்! இவள் துவக்கோட இயக்கத்துக்குப் போட்டாள் எண்டு அம்மாக்குச் சொல்லியிருக்கிறியள்!"

மாமா கோப்பையை வைக்க இடம் தேடினார். மேசை முன்னாலேயே இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. "பேப்பரில மிலிட்டன்ட் எண்டெல்லோ போடுறவங்கள்," என்றார் மெதுவாக. முப்பது வருடமாக நாட்டுச் செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் மட்டும் வாசித்த மனிதர்.

லண்டனில் இருக்கிற பிள்ளை எப்படி இயக்கத்துக்குப் போகமுடியும் என்று அம்மா யோசித்திருக்கமாட்டாரா? நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் வெளிநாட்டிலிருந்துகூடப் பிள்ளைகள் திரும்பிப்போய்ச் சேருகிறார்கள் என்று லொட்ஜில் கதை உலாவியது. போன மாதம் அம்மாவே அதைச் சொல்லி, நீ ஒண்டும் விசர்வேலை பாக்காத என்று எனக்குப் புத்தி சொல்லியிருந்தார்.

அண்ணை லொட்ஜுக்கு எடுத்தார். முகாமையாளர் பேசினார். அவர் சொன்னதை அண்ணை பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்.

"அம்மா அறையைப் பூட்டித் திறப்பைத் தந்திட்டு ரெயிலுக்குப் போட்டா தம்பி. வவுனியாவாம், அங்கயிருந்து உள்ளுக்கு, இயக்கத்தின்ர இடத்துக்குப் போகப்போறாவாம். பிள்ளையைத் தேடிப் போறனெண்டு அழுதா. லண்டனில இருக்கிற பிள்ளையோ எண்டு கேட்டன். இருந்த பிள்ளை எண்டா."

இருந்த பிள்ளை. நான் செவன் கிங்ஸ் கூடத்தில் உயிரோடு நின்று அதைக் கேட்டேன்.

வவுனியாவில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, இரும்புக் கடை வைத்திருந்தவர். திங்கள் முழுவதும் அந்தக் கடைக்கு லைன் கிடைக்கவில்லை. செவ்வாய் காலை கிடைத்தது. ஓம், அக்கா வந்திருக்கிறா என்றார். இராணுவத்திடம் பாஸ் எடுக்க வரிசையில் நிற்கப் போயிருக்கிறாராம். பாஸ் கிடைத்தால் விடிய அந்தப் பக்கம் போய்விடுவாராம். தான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். பின்னேரம் கடைக்கு வருவா, அப்ப எடுங்கோ என்றார். அங்கே பின்னேரம் என்றால் எங்களுக்கு மத்தியானம். அம்மா அந்தப் பக்கம் போய்விட்டால் அவரைத் திருப்பிக் கூப்பிட ஒரு தொலைபேசியும் இல்லை. வியாழன் போகும், அம்மாவே போகலாம்.

ஒத்திகைக்கு வரமுடியாது என்று சொல்லப் பாடகருக்கு எடுத்தேன். சொல்லத் தொடங்கியதும் அழுதுவிட்டேன். விளங்கக்கூடிய ஆங்கிலத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: என் அம்மா, நான் உங்களோடு சேர்ந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு என்னைத் தேடிச் சாகப் போகிறார்.

"எங்களோட சேர்ந்ததுக்கா?" என்றார். "நாங்கள் அவ்வளவு மோசமாவா வாசிக்கிறம்?"

ஆனால் தபால் போட்டு முடிந்த கையோடு வான் வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள், பாடகர் கையில் கிட்டார். வாசலில் எங்கள் சப்பாத்து வரிசையைக் கண்டதும் ஒருவரும் சொல்லாமலே தங்கள் முழங்கால் சப்பாத்துகளை இழுத்துக் கழற்றி வைத்தார்கள். டிரம்ஸ்காரரின் காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. சாமிப் படங்களுக்குக் கீழே, சோபாவில், மூன்று பேரும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போலத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மாமா அவர்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அண்ணை எடுத்தார். அம்மா கடையில் இருந்தார். பாஸ் கிடைத்திருந்தது.

"அம்மா, இவள் இஞ்சதான் நிக்கிறாள்! பக்கத்தில நிக்கிறாள்!"

"நீ எனக்குப் பொய் சொல்லாத தம்பி. கொப்பா வருத்தம் வந்து கிடக்கேக்கையும் இப்பிடித்தான் ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டனி."

நான் பறித்தேன். "அம்மா, நான்!"

"குரல் உன்ர குரல்தான். எங்கயிருந்து கதைக்கிறாய்? பக்கத்தில ஆர் நிக்கினம்? சொல்லச் சொல்லித்தான் சொல்லுறியோ?"

"லண்டன் அம்மா! வீட்டில! மாமா சொன்னது வேற பெடியள். பாட்டுப் பாடுற பெடியள்!"

"அவையளும் பாட்டுப் போடுறவைதானே."

ஐயோ, அதுவும் உண்மைதான். என்ன சொன்னாலும் அங்கே இன்னொரு பொருள் தயாராக நின்றது. வயலின் வாசித்தால் நானென்று தெரியும். எங்கே என்று தெரியாது. பாடகர் அருகில் வந்தார்.

"நம்பேல்லையா?"

தலையாட்டினேன்.

அவர் திரும்பி ஒரு விரல் நீட்டினார். டிரம்ஸ்காரர் மாமாவின் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக் கையால் தட்டத் தொடங்கினார். பாடகர் கிட்டாரை எடுத்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். அண்ணை தொலைபேசியை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தார். சரக்கு ரயிலைப் பற்றிய பாட்டு, இசைத்தட்டில் இருப்பது போலவே, செவன் கிங்ஸிலிருந்து வவுனியா இரும்புக் கடைக்குப் போனது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதற்கு முன்னால், அந்த இடம் வந்ததும், எதற்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்து, பேஸ்காரர் இருமினார்.

அண்ணை காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று என்னிடம் நீட்டினார்.

"ஆரது இருமுறது?" அம்மாவின் குரல் மாறியிருந்தது.

"பேஸ் வாசிக்கிறவர் அம்மா."

"அவருக்கு எத்தினை வயசு?"

"அறுபத்தஞ்சு இருக்கும்."

"பெடியள் இப்பிடி இருமமாட்டாங்கள். இது கிழட்டு இருமல்." மூச்சு வாங்கினார். "பாடினவன்?"

"அவரும் கிழவன்தான் அம்மா. தபால்காரன்."

"இந்தக் கிழவங்களையோ உன்ர மாமா பெடியள் எண்டவர்?" கத்தினார். பிறகு அழுதார். அழுகைக்கு நடுவில், "அந்தாளிட்டக் குடு ரெலிபோனை!" என்றார். மாமா எழுந்து நின்று, இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக் கேட்டார். அம்மா தன் தமையனை ஏசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பேஸ்காரர் எதுவும் கேளாதவராக, "இருமலைப் பிந்தி வைச்சிட்டனா?" என்று பாடகரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாமா திருப்பித் தந்ததும் நான் கேட்டேன்: "நீங்கள் அங்க போய் என்ன செய்ய இருந்தனீங்கள்? கேட்டாப்போல விட்டிடுவினமோ?"

"உன்னை விடச்சொல்லிக் கேக்கேல்ல. உனக்குப் பதிலா என்னை வைச்சிருங்கோ எண்டு கேக்க இருந்தன். எத்தினை பேருக்கெண்டாலும் சமைப்பன் எண்டு சொல்ல இருந்தன். வெங்காயம் உரிக்கிற கத்திகூடக் கொண்டந்தனான்." சாதாரணமாகச் சொன்னார், சந்தைக்குப் போக இருந்தேன் என்பதுபோல.

சோபாவில் இருந்த மூவரும் பாட்டு எப்படி இருந்ததாம் என்று அறிய என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்ததாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அன்றே கொழும்பு ரயில் ஏறினார். வியாழக்கிழமை, வவுனியாப் புழுதி போகாத செருப்போடு நேர்முகத்தில் போய் இருந்திருக்கிறார். மகள் என்ன செய்கிறாள் என்று அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் கேட்க, படிக்கிறா, வயலின் வாசிக்கிறா என்று சொல்லியிருக்கிறார். யாரோடு வாசிக்கிறாள் என்று அடுத்த கேள்வி. அம்மாவுக்கு வாய்வரை அந்தச் சொல்தான் வந்ததாம். விழுங்கினாராம். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தரமும் கேட்டாராம்.

"கிழவங்களோட," என்றாராம் அம்மா.

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். அதிகாரி ஏன் சிரிப்பு என்று கேட்டு, விளக்கம் கேட்டு, தானும் சிரித்து, மேலே எதுவும் கேட்கவில்லையாம். அந்தக் கோடையில் அம்மா ஹீத்ரோவில் வந்து இறங்கினார்.

கதையைக் கேட்டபின் பாடகர் 'த பாய்ஸ்' என்பதைக் கைவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து பேருக்கு முன்னால், தொப்பியைத் தூக்கி, எழுபதுகளின் டெக்சாஸ் குரலில், "வீ ஆர் த கெலவங்கல்!" என்று முழங்குவார். மாமா இப்போது அவர்களை வாத்தியகோஷ்டியார் என்பார், முழுச் சொல்லாக, ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து.

ஹோர்ன் அடித்தால் அவர் திரைச்சீலைக்குப் போவதும் இல்லை. அங்கே அம்மா போய் நிற்பார். அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வருவார். வானுக்குள் யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பேஸ்காரர் கண்ணாடியை இறக்கி, தனக்கு வரும் மரியாதை இது என்று நினைத்துக் கையசைப்பார். அம்மா பார்த்து முடிக்கும்வரை நான் சப்பாத்தும் தொப்பியுமாய், தோளில் வயலினோடு, கதவடியில் நிற்பேன்.

"போட்டு வாறன் அம்மா."

"வாறன் எண்டதைத் திருப்பிச் சொல்லு," என்பார்.